விழுந்த பூனை எழும்பும்

கோயில் ஆண்டு மலருக்கு எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். லண்டனில் கழிந்த சிறு வயதைப் பற்றி வேண்டுமாம். போன முறை வந்த மலரை நானும் வாசித்தேன். என் வயதுக்காரர் அத்தனை பேரும் முதன்முதலாகப் பனி பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒருவர் பனியை அள்ளி வாயில் போட்டாராம். இன்னொருவர் போத்தலில் அடைத்து ஊருக்கு அனுப்ப நினைத்தாராம். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பனிக்கு நடுவில் எங்களை வளர்த்த பெரிய ஆட்கள் எங்களிடம் என்ன பொய் சொன்னார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. நீங்கள் எழுத மாட்டீர்கள். மரியாதையான ஆட்கள்.

எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். வேண்டாமென்றால் போடாமல் விடுங்கள்.

நான் எழுதப்போவது ஒரு பூனையைப் பற்றி. உயிருள்ள பூனை அல்ல. கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் பூனை. படங்களுக்குப் பேச்சு வருவதற்கு முந்திய காலத்தில் யாரோ கையால் கீறிய பூனை. கந்தல் தொப்பி போட்டிருக்கும். சத்தமே இல்லாமல் விழும், அடி வாங்கும், நசுங்கும், எழும்பும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஒளித்து வைத்துக் கதை காட்ட எனக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்தில் என் அம்மா செத்துப்போயிருந்தார். வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

வீடு மனோர் பார்க்கில். பக்கச் சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. மாமியின் வீடு. மாமி அப்பாவின் அக்கா. அவரும் மாமாவும் படிக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். ஊரில் பிரச்சினை தொடங்குவதற்கு முன்பே வந்தவர்கள். அப்பா அவர்களுக்குப் பிறகு வந்தவர். இரவில் பெற்றோல் செட்டில் வேலை, பகலில் நித்திரை. மேல் அறையில் வாடகைக்கு ஓர் அண்ணை இருந்தார். அவர் வந்து சில மாதந்தான் ஆகியிருந்தது. நான் அந்தக் கோடையில், முன்பின் தெரியாத ஓர் அன்ரியின் பிள்ளையாக விமானத்தில் வந்து இறங்கினேன். எனக்கு எட்டு வயது.

ஊரில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆமி அடிக்கும் செல் குண்டு கூவிக்கொண்டு வரும் சத்தம் கேட்டால் விழ வேண்டும். நின்ற இடத்தில், முகம் நிலத்தில் பட, அப்படியே. அம்மாதான் பழக்கினார். முற்றத்தில் நான் விளையாடிக்கொண்டிருக்கும்போது சும்மா "விழு" என்பார். நான் விழ வேண்டும். பிந்தினால் தலையில் குட்டு விழும். அதை நான் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவும் என்னோடு விழுவார். சீலையெல்லாம் மண்ணாகும். பிறகு இருவரும் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு சிரிப்போம்.

ஒரு நாள் கிணற்றடியில் அம்மா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். "விழு" என்றார். நான் விழுந்தேன். அம்மாவும் விழுந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அந்தத் தோளுக்கு மேலால் நான் பார்த்தேன். அம்மா விழுந்ததை நான் கண்ணால் பார்த்தவள். எழும்பியதைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மீதியைப் பெரிய ஆட்கள் சொன்னார்கள். அம்மா பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாராம். காயம் மாறினதும் வருவாராம். என்னைத் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் விட்டார்கள். பிறகு கொழும்பு. பிறகு விமானம். விமான நிலையத்தில் அப்பா என்னைத் தூக்கினார். நான் முதலில் கேட்டது அம்மாவைத்தான். அவர் என் தலைக்கு மேலால் மாமியைப் பார்த்தார். மாமி சொன்னார்: "அம்மா பிறகு வருவா, பிள்ளை."

பிறகு வருவா. இந்த இரண்டு சொற்களையும் அந்த வீட்டில் எல்லோரும் பாடமாக்கி வைத்திருந்தார்கள். மாமா சொல்லுவார். மேல் அறை அண்ணை சொல்லுவார். பிள்ளை பாவம், தாங்க மாட்டாள் என்று அவர்கள் கூடி முடிவு செய்தார்களாம். தாங்க மாட்டாதவர்கள் அவர்கள்தான். எனக்குச் சொன்ன பிறகு என் முகத்தைப் பார்க்கும் வேலை ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. இப்போது எனக்கு அது விளங்குகிறது. விளங்கினால் கோபம் குறையும் என்று சொல்கிறார்கள். குறையவில்லை.

சனிக்கிழமைகளில் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள், கிங்ஸ்பரிப் பக்கம் இருந்து பஸ் மாறி மாறி வருகிறவர்கள், அப்பாவோடு படித்தவர்கள். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வருவதற்கு முன்பு மாமி எனக்குச் சீப்பால் தலை இழுத்து, கம்பளிச் சட்டை போட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடுவார். "போய்ப் படம் பாத்திட்டு வா, பிள்ளை."

நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. எனக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன். அழுவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக என்னை வெளியே விட்டார்கள் என்பது தெரிய எனக்கு நெடுநாள் எடுத்தது.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். முன்பு பஸ் ஓட்டியவராம். மனைவி இல்லை. ஒரு மகள் எங்கோ தூரத்தில். பின் அறையில் சட்டைக்கு அயன் போடும் மேசையை விரித்து அதன் மேல் ஒரு சின்னப் படம் காட்டும் மெஷின் வைத்திருந்தார். எதிர்ச் சுவரில் ஒரு படுக்கை விரிப்பு. அதன் மூலையில் பூப்போட்ட கரை இருந்தது. எந்தப் படம் ஓடினாலும் வானத்தில் அந்தப் பூக்கள் இருக்கும்.

அந்த அறையின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மெஷின் சூடானதும் தூசி கருகும் மணம். ஈரக் கம்பளி. டின் சூப். கிழவர் திரைச்சீலையை இழுத்து மூடுவார். துருப்பிடித்த வட்டத் தகரப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியைத் திறக்க முடியாமல் தொடையில் வைத்து அமுக்குவார். அது திடீரென்று திறந்துகொள்ள மூடி கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடும். ஒவ்வொரு சனியும் அது நடந்தது. என்னைச் சிரிக்க வைக்க வேண்டுமென்றே செய்தாரோ தெரியாது. எனக்குத் தாளில் ஒரு பிஸ்கட். அவருக்கு ஒன்று. பிறகு மெஷின் தையல் மெஷினைப் போலச் சத்தம் போடத் தொடங்கும்.

பூனை வரும். அதன் கையும் காலும் றப்பரால் செய்தது போல இருக்கும். நடக்கும்போது நேராக நடக்காது, உடம்பு முழுக்கத் துள்ளும். அது ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பும். பின்னால் நிற்கும் தடித்த நாய்ப் பொலிஸ்காரனுக்கு ஏணி முகத்தில் அடிக்கும். பொலிஸ்காரன் தடியால் பூனையின் தலையில் போடுவான். தலை கழுத்துக்குள் இறங்கிவிடும். பூனை தன் தொப்பியைப் பிடித்துத் தலையை மேலே இழுத்து எடுக்கும். ரோட்டுப் போடும் உருளை பூனையின் மேல் ஏறும். பூனை தோசை மாதிரி ரோட்டில் ஒட்டிக் கிடக்கும். ஓர் எலி வந்து அதைப் பாய் மாதிரிச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போகும். போகும் வழியில் பூனை தும்மும். தும்மியதும் பழையபடி உருண்டையாகிவிடும். எலி கீழே கிடக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது கூரைப் படம். பூனை எதையோ பார்த்துக்கொண்டு உயர்ந்த கட்டடத்தின் கூரையில் நடந்து, கூரை முடிந்தது தெரியாமல் காற்றிலும் நடக்கும். பிறகு கீழே பார்க்கும். பார்த்த பிறகுதான் விழும். நிலத்தில் பூனையின் உருவத்திலேயே ஒரு குழி விழும். காதும் தொப்பியும்கூடக் குழியில் தெரியும். குழிக்கு மேலே ஒரு கேள்விக்குறி எழும்பி நிற்கும். படத்தில் இடையிடையே எழுத்துகள் வரும், எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கேள்விக்குறி தெரியும். தமிழிலும் அதுதானே. பூனை குழிக்குள் இருந்து கையை நீட்டி அந்தக் கேள்விக்குறியைப் பிடித்து, அதைக் கொக்கியாக்கி, வெளியே ஏறி வந்துவிடும். தூசியைத் தட்டிக்கொண்டு போய்விடும்.

சத்தமே இல்லை. அதுதான் எனக்கு முக்கியம். அவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்து விழுந்தும் ஒரு சத்தம் இல்லை. ஊரில் முதலில் சத்தம் வரும், பிறகுதான் விழுவோம். இங்கே சத்தம் இல்லாமல் விழுந்தார்கள். ஆகவே எழும்பினார்கள். எட்டு வயது மண்டைக்குள் இப்படித்தான் கணக்கு ஓடியது.

கிழவரிடம் ஒரு வித்தை இருந்தது. மெஷினில் ஒரு பிடியைத் திருப்பினால் படம் பின்னோக்கி ஓடும். குழியில் இருந்து பூனை தலைகீழாகப் பாய்ந்து வானத்துக்குப் போய், கூரையில் காலை வைத்து, பின்பக்கமாக நடந்து போகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி செய்தார். அதன் பிறகு பூனை விழுந்ததும் நான் சுட்டுவிரலைக் காற்றில் சுழற்றிக் காட்டுவேன். அவர் திருப்பி ஓட்டுவார். சில நேரம் அவரே விரலைச் சுழற்றி என்னைக் கேட்பார். நான் தலையாட்டுவேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பேச்சு அந்த விரல்தான். எனக்கு அவருடைய மொழி தெரியாது, அவருக்கு என்னுடையது தெரியாது. அந்த நாட்டில் என்னோடு உண்மை பேசிய ஒரே மனிதர் அவர்தான். ஏனென்றால் அவர் ஒன்றும் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பியபோது மேல் அறை அண்ணை படிக்கட்டில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும் நேரம். நான் அவரிடம் பூனையைப் பற்றிச் சொன்னேன். நடித்தும் காட்டினேன். விழுந்து, நசுங்கிக் கிடந்து, தும்மி எழும்பினேன். அவர் நன்றாகச் சிரித்தார். விழுந்தால் எல்லாரும் எழும்புவினம், கொஞ்சம் நேரம் எடுக்கும், அம்மாவுக்கும் அப்படித்தான் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். கட்டிய சப்பாத்து நூலை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு ஓம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றே அவர் சொல்லியிருக்கலாம். நல்ல பெடியன். ஆனால் வாடகைக்கு இருப்பவர், வீட்டுக்காரர் போட்ட பொய்யைக் கலைக்கப் பயம்.

அம்மாவின் படமும் ஒன்று வீட்டில் இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு முன் அறை அலுமாரியின் மேல் வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு நான் கதிரையில் ஏறி நின்று பார்த்தேன். கண்ணாடியில், அம்மாவின் நெற்றி இருக்கும் இடத்தில், காய்ந்த சந்தனப் பொட்டு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எந்தப் படத்துக்குச் சந்தனம் வைப்போம் என்று. எனக்கும் தெரியும். ஊரில் அப்பப்பாவின் படத்துக்கு வைப்பார்கள். மாலையும் போடுவார்கள். சனிக்கிழமை நான் வெளியே போனதும் மாலை போட்டு, நான் வருமுன் மாலையைக் கழற்றி, பொட்டைத் துடைக்க மறந்துவிட்டார்கள். மாமியிடம் கேட்டேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணாடியை அழுத்தித் துடைத்துக்கொண்டே, அம்மா கெதியாகச் சுகமாக வேண்டுமென்று கோயிலில் வைத்து எடுத்த சந்தனம் என்றார். நினைக்காமலே சொன்னார். அவ்வளவு பழகிவிட்டார். நான் நம்பினேன். நம்பத்தானே வேண்டும். நம்பாவிட்டால் கீழே பார்க்க வேண்டும்.

நவம்பர் வந்தது. இந்த நாட்டில் அந்த மாதத் தொடக்கத்தில் வாணம் கொளுத்துவார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா முந்தின கிழமையே வருகிற போகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார், இது வேடிக்கை, பயப்பட ஒன்றுமில்லை என்று. தெரிந்தது மூளைக்கு. உடம்புக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அம்மாவின் ஆண்டுத் திவசம் வேறொரு நாளில்தான் வந்ததாம். ஆனால் சனிக்கிழமைதான் எல்லோருக்கும் ஷிப்ட் இல்லாத நாள். ஐயருக்கும் பின்னேரந்தான் வசதி. திதியைச் சனிக்கு நகர்த்தினார்கள். நாலரைக்கே இருட்டிவிடும் காலம். மாமி வழக்கம் போல எனக்குத் தலை இழுத்தார். அன்று அவசரப்பட்டார். சீப்பு காதில் குத்தியது. "போய்ப் படம் பாத்திட்டு வா. நான் வந்து கூப்பிடுமட்டும் வரக் கூடாது."

கூரைப் படம் பாதியில் இருந்தது. பூனை காற்றில் நடந்துகொண்டிருந்தது. அப்போது மெஷினுக்குள் இருந்த பல்ப் படீரென்று எரிந்துபோய் அறை இருண்டது. கிழவர் லைட்டைப் போட்டு, பல்ப்பைத் துணியால் பிடித்துக் கழற்றி, காதுக்கருகில் ஆட்டிக் காட்டினார். உள்ளே கம்பி கிலுகிலுத்தது. வேறு பல்ப் இல்லை என்று இரண்டு கையையும் விரித்தார். நான் பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேலியில் பலகை கழன்ற இடத்தால் எங்கள் வளவுக்குள் புகுந்து, குசினிக் கதவைத் திறந்து உள்ளே வந்தேன். சாம்பிராணி மணத்தது. குசினிக்கும் முன் அறைக்கும் நடுவில் கதவு இல்லை. அங்கே நின்று பார்த்தேன்.

அறை நிறைய ஆட்கள். எல்லோரும் நிலத்தில் இருந்தார்கள். ஐயர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வெறும் மேலோடு, விரலில் தர்ப்பையோடு இருந்தார். பேப்பர்த் தட்டுகளில் சோறு, கறி, வடை. ஒரு முக்காலியில் அம்மாவின் படம். கழுத்து நிறைய மாலை. அதற்கு முன்னால் விளக்கு. மாமா பாயாசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார். என்னை ஒருவரும் காணவில்லை. எனக்கு அந்த மாலை ஏன் என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

பின் ஒழுங்கையில் யாரோ வாணம் விட்டார்கள். முதலில் கூவியது. அதே கூவல்.

நான் விழுந்தேன். குசினி லினோலியத்தில் முகம் அடிபட விழுந்தேன். விழுந்து நிமிர்ந்து பார்த்தால், அறையும் விழுந்துவிட்டது. இவ்வளவு நேரமும் சம்மணம் கட்டி இருந்தவர்கள் அத்தனை பேரும் குப்புறக் கிடந்தார்கள். ஐயர் மந்திரத்தின் நடுவில் படுத்துவிட்டார். குடுமி சாம்பாருக்குள் கிடந்தது. தடித்த ஓர் அன்ரி சோபாவுக்கு அடியில் தலையை மட்டும் நுழைத்திருந்தார், மீதி வெளியே இருந்தது. வடைகள் உருண்டு உருண்டு என்னிடம் வந்தன. நின்றது மாமாவும் மாமியும்தான். முந்தி வந்தவர்களுக்கு விழத் தெரியாது. மாமா சட்டியோடு நின்று என்ன, என்ன என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேல் அறை அண்ணை நிலத்தில் படுத்தபடியே "படுங்கோ அண்ணை" என்று மாமாவின் இரண்டு காலையும் பிடித்து இழுத்தார். மாமா மரம் போல நேராக, சட்டியை விடாமல் விழுந்தார். பாயாசம் ஒரு வளையமாக மேலே எழும்பி விளக்கின் மேல் ஊற்றியது. விளக்கு சுர் என்று அணைந்தது. முக்காலி சாய்ந்தது. பிறகு வாணம் மேலே வெடித்தது. யன்னலில் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் வந்து போனது.

ஒரு சத்தமும் இல்லை. நிலத்தோடு நிலமாக எல்லோருடைய முகங்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவின் மூக்கு நுனியில் ஒரு சவ்வரிசி.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நாட்டுக்கு வந்து அதுவரை அந்த வீட்டுக்குள் நான் சிரித்ததில்லை. விழுந்து விழுந்து சிரித்தான் என்று எழுதுகிறீர்களே, நான் உண்மையாகவே விழுந்து கிடந்து சிரித்தேன். வயிறு பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஐயர் எழும்பினார். அன்ரி தலையை இழுத்து எடுத்து எழும்பினார். மாமா எழும்பினார். நான் நினைத்தது சரிதான். விழுந்தால் எழும்புவார்கள். எல்லோரும் எழும்பியாகிவிட்டது. அம்மாவின் படம் மட்டும் பாயாசத்துக்குள் குப்புறக் கிடந்தது. நான் சிரித்துக்கொண்டே அதை நோக்கி விரலைச் சுழற்றினேன். திருப்பி ஓட்டுங்கோ. எழும்பட்டும்.

மாமி வந்து என் கன்னத்தில் அறைந்தார்.

"பெத்த தாயின்ர திவசம். அவளின்ர படத்தைக் காட்டிச் சிரிக்கிறாய். நீயெல்லாம் ஒரு பிள்ளையே?"

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வருடமாக எல்லோரும் சேர்ந்து கட்டிக் காத்ததை, என்னைத் திட்டும் அவசரத்தில் அவரே போட்டுடைத்துவிட்டார். எனக்கு அம்மா செத்த செய்தி வந்தது இப்படித்தான். செய்தியாகக்கூட வரவில்லை. ஏச்சாக வந்தது.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினி மேசையில் இருத்தினார். குழாயைத் திறந்து துவாயை நனைத்து என் முகத்தைத் துடைத்தார். கன நேரம் துடைத்தார். ஏன் சிரிச்சனி என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எல்லாரும் எழும்பினீங்கள்தானே என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பூனையை அவர் பார்த்ததில்லை.

"அம்மா விழுந்ததை நீ பாத்தனிதானே, பிள்ளை" என்றார்.

"விழுந்ததை மட்டுந்தான் பாத்தனான். எழும்பினவவோ?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பூட்டவில்லை.

"இல்லை. அம்மா எழும்பேல்லை."

அப்பா ஆறு வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டார். நல்ல மனிதர் என்று கோயிலில் எல்லோரும் பேசினீர்கள். அவர் வாழ்நாளில் எனக்குச் சொன்ன நேரான வசனம் அந்த ஒன்றுதான். சொல்லிவிட்டு உடுப்பை மாற்றிக்கொண்டு பெற்றோல் செட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

அம்மாவின் படத்தைக் கழுவி, புதுச் சட்டம் போட்டு, மாலையோடு முன் அறைச் சுவரில் மாட்டினார்கள். இனி ஒளிக்கத் தேவையில்லை அல்லவா. யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். மாமி வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்: உந்த விசர்ப் படம் பார்த்துத்தான் பிள்ளைக்கு இரக்கம் இல்லாமல் போய்விட்டது, ஆட்கள் விழுந்தால் சிரிக்கிறாள். வந்தவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். வடைக்குள் முகம் புதைத்துக் கிடந்தவர்கள்.

அடுத்த சனி கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் படிக்கட்டில் இருந்தேன். கிழவர். தலை வாரி, கோட்டும் தொப்பியும் போட்டு நின்றார். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. அதைத் திறந்து மாமிக்குக் காட்டினார். உள்ளே புதுப் பல்ப், பஞ்சுக்குள் முட்டை மாதிரி இருந்தது. எங்கே தேடி வாங்கினாரோ. மாமி தன் இங்கிலீஷில் இனிப் படமும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். அவருக்கு விளங்கவில்லை. மாமி மறுபடி சொன்னார். அவர் மாமிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பெட்டியை மற்றக் கைக்கு மாற்றி, சுட்டுவிரலை உயர்த்திக் காற்றில் சுழற்றினார்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

திருப்பி ஓட்ட வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். திருப்பி ஓட்டினாலும் அது படம் மட்டுந்தான் என்று எனக்கு அந்தக் கிழமை தெரிந்துவிட்டது. வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பூனையை முன்பக்கமாகவே ஓட்டிக் காட்டியிருந்தால், அது விழுந்து நான் பேசாமல் இருந்து பார்த்திருப்பேன். ஆனால் விரலுக்கு அவ்வளவு பேசத் தெரியாது. அவர் பெட்டியை மூடிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். மாமிக்குத் தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். அவர் பின் அறையில் அதற்குப் பிறகு திரைச்சீலை மூடியதை நான் காணவில்லை.

சில வருடம் கழித்து மகள் வந்து அவரை எங்கோ கூட்டிக்கொண்டு போனார். வீட்டு வாசலில் குப்பை ஏற்றும் பெரிய இரும்புத் தொட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தால் வரும்போது பார்த்தேன். பூக்கரை போட்ட விரிப்பு, அயன் மேசை, துருப்பிடித்த தகரப் பெட்டிகள். ஒன்று திறந்து படச்சுருள் மழையில் நனைந்து கிடந்தது. ஒரு துண்டைக் கிழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பூனை காற்றில் நின்றது. அதற்குக் கீழேயும் பூனை காற்றில் நின்றது. அந்தத் துண்டில் அது விழவே இல்லை. கன காலம் வைத்திருந்தேன். குட்மேய்ஸுக்கு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

மாமிக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். அந்த வெள்ளையனிடம் இருந்து உன்னை நான்தான் காப்பாற்றினேன் என்று சொன்னார். பெயர்கள் எல்லாம் மறந்துவிட்டார், அதை மறக்கவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது போனில் எல்லாம் கிடைக்கிறது. மகன் தேடித் தந்தான். அந்தக் காலத்துப் பூனைகள், நாய்கள், எலிகள் எத்தனையோ வருகின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ பியானோ வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். நான் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். கந்தல் தொப்பிப் பூனையை இன்னும் காணவில்லை.

இந்த நவம்பரும் வாணம் விட்டார்கள். நான் தனியாகத்தான் இருக்கிறேன். குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். கூவல் கேட்டது. நாற்பது வருடத்துக்குக் கிட்ட இந்த நாட்டில் இருக்கிறவள், வரி கட்டுகிறவள், விழுந்தேன். இரண்டு முழங்காலும் நொந்தது. பிரிஜுக்கு அடியில் தூசி தெரிந்தது, ஒரு பழைய கரண்டி தெரிந்தது. பக்கத்தில் முகங்களைத் தேடினேன். ஒருவரும் இல்லை. ஐயர் இல்லை, மாமா இல்லை, அப்பா இல்லை. அந்த நிலையில் எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாக, சத்தமாகச் சிரித்தேன். பிறகு மேசைக் காலைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பினேன்.

நீங்களும் விழுகிறீர்கள். எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் எழும்பி, உடுப்பைத் தட்டிக்கொண்டு, கரண்டி விழுந்துவிட்டது என்று பொய் சொல்கிறீர்கள். பனியைப் பற்றி எழுதியது போதும்.